சில்வர்டனா, ஃபரினாவா?

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், ஏறக்குறைய ஆளற்றுப்போன ஓர் ஊரை மட்டும் பார்க்க நேரமிருப்பவர்களுக்கு இது.

சென்று சேர
சில்வர்டன்: நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லில் இருந்து 25 கி.மீ., தார்ச்சாலை.
ஃபரினா: தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில், மாரி என்ற சிற்றூருக்குத் தெற்கே, நீண்ட பயணம்.

ஏன் காலியானது
சில்வர்டன்: வெள்ளிச் சுரங்க ஊர். 1883இல் புரோக்கன் ஹில்லில் தாது கிடைத்தது; அடுத்த சில ஆண்டுகளில் சனம் அங்கே கிளம்பியது. சிலர் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
ஃபரினா: கோதுமையை நம்பி 1878இல் பிறந்தது. மழை பொய்த்தது. 1882இல் வந்த ரயில்தான் தாங்கிப் பிடித்தது. 1980களில் அதுவும் நின்றது.

இப்போது
சில்வர்டன்: பழைய சிறையில் அருங்காட்சியகம், ஒரு விடுதி.
ஃபரினா: கூரையில்லாத கற்சுவர்கள். குளிர்காலத்தில் சில வாரங்கள், தரைக்கடியிலுள்ள பழைய விறகடுப்பில் தன்னார்வலர்கள் ரொட்டி சுடுகிறார்கள். அவசியம் வாங்குங்கள், சுவர்களைக் காப்பவர்களும் அவர்கள்தான்.

குழந்தைகளோடு போய் அன்றே திரும்ப சில்வர்டன் சரி. வரலாற்றில் பிடிப்புள்ளவர்களுக்கு ஃபரினா. என் ஓட்டும் அதற்கே.