மட்-டெரைனா, ஆல்-டெரைனா: பட்டன் பாதி தேய்ந்த பிறகு

டயர் கடையில் அடுக்கி வைத்திருக்கும் புதிய மட்-டெரைன் டயரை, அதாவது சேற்றுப் பாதைக்கென்றே செய்த டயரைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆழமான பள்ளங்கள், தடித்த ரப்பர் கட்டைகள், பக்கச்சுவர் வரை இறங்கி வரும் முரட்டுப் பற்கள் என்று அதன் தோற்றமே பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறது. ஆனால் நாம் பணம் கொடுப்பது முதல் ஆறு மாதத்துக்காக அல்ல, நான்கைந்து ஆண்டுகளுக்காக. ஆகவே புதிதாக இருக்கும்போது சேற்றில் எது நன்றாக இழுக்கிறது என்பதை விட, பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் அடுக்கு, பாதி தேய்ந்த பிறகு எது எப்படி நடந்துகொள்ளும் என்பதையே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டும். மட்-டெரைன், எல்லாப் பாதைக்கும் பொதுவான ஆல்-டெரைன் ஆகிய இந்த இரண்டு வகை டயர்களும் தேயத் தேய ஒரே மாதிரி கெடுவதில்லை. மட்-டெரைன் தன் சேற்றுப் பலத்தைப் பெரும்பாலும் கடைசிவரை காப்பாற்றிக்கொள்ளும். மழையில் நனைந்த தார்ச்சாலையில்தான் அது முதலில் நம்பிக்கையைக் குலைக்கும். ஆல்-டெரைன் அதற்கு நேர்மாறு: தார்ச்சாலையில் நெடுநாள் ஏமாற்றாது, சேற்றில் பாதி வயதிலேயே கைவிட்டுவிடும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டாலில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி மற்ற மாகாணத்தாரை விடச் சற்றுச் சிக்கலானது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களில் சில இன்றும் தொங்காட், ஸ்டேஞ்சர் பக்கத்தில் சொந்தக் கரும்பு நிலம் வைத்திருக்கின்றன. அவர்களுடைய வண்டி காலையில் செம்மண் சேற்றில் இறங்கும். மதியம் என்2 நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் டர்பனுக்கு ஓடும். டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருப்பவர்கள் வாரம் முழுதும் தாரிலேயே ஓட்டிவிட்டு, நீண்ட விடுமுறை வந்தால் சானி கணவாய்க்கோ கோசி பே மணலுக்கோ கிளம்புவார்கள். இருவர் வீட்டு வாசலிலும் நிற்பது பெரும்பாலும் டர்பனின் ப்ராஸ்பெக்டன் ஆலையிலேயே தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஒரு பக்கி, அதாவது பின்னால் பெட்டியுள்ள பிக்-அப் வண்டிதான். அந்த இரண்டு பக்கிகளுக்கும் ஒரே டயர் பொருந்தாது.

முதலில் தேய்மானத்தைப் பார்ப்போம். மட்-டெரைன் டயர் பொதுவாக 14 முதல் 16 மில்லிமீட்டர் ஆழமுள்ள பட்டனுடன் வருகிறது. ஆல்-டெரைனில் அது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். ஆழம் அதிகமிருப்பதால் மட்-டெரைன் அதிக நாள் உழைக்கும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் நடப்பது அதுவல்ல. கட்டைகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருப்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. வண்டியின் முழு எடையையும் அந்தக் குறைந்த ரப்பரே சுமக்கிறது. உயரமான கட்டை ஒவ்வொன்றும் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வளைந்து நெளிந்து தாரில் உரசுகிறது. அதனால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேகமாகக் கரைகிறது. உற்பத்தியாளர்களே இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறார்கள். பிஎஃப் குட்ரிச் நிறுவனம் தன் கேஓ2 ஆல்-டெரைன் டயருக்கு அமெரிக்காவில் 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் தேய்மான உத்தரவாதம் கொடுத்தது. அதே நிறுவனத்தின் கேஎம்3 மட்-டெரைனுக்கு அப்படி ஒரு கிலோமீட்டர் உத்தரவாதமே இல்லை. அந்தக் காகிதம் தென்னாப்பிரிக்காவில் செல்லாது என்றாலும், தன் பொருளைப் பற்றித் தயாரிப்பவர் எதை எழுதித் தரத் துணிகிறார், எதற்குத் துணியவில்லை என்பதை அதில் படித்துக்கொள்ளலாம்.

தேய்மானத்தின் அளவை விட அது தேயும் விதமே என்னைப் பொறுத்தவரை முக்கியம். சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடிய முன்பக்க மட்-டெரைன் டயரின் ஓரத்துக் கட்டைகள் மீது உள்ளங்கையை வைத்து, டயரின் சுற்றுப் போக்கில் ஒரு முறை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும்; எதிர்த் திசையில் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் ரம்பப் பல் போல விரலைப் பிடித்து நிறுத்தும். கட்டையின் ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை உயர்ந்தும் தேய்ந்திருப்பதே இதன் காரணம். இது முற்றிவிட்டால் பிறகு டயரை இடம் மாற்றிப் போட்டாலும், அலைன்மென்ட் பார்த்தாலும் முழுதாகச் சரியாகாது. புதிதில் ஒரு சீரான ரீங்காரமாக இருந்த சத்தம், பாதி வயதில் சக்கரத்தின் பேரிங் போய்விட்டதோ என்று சந்தேகிக்க வைக்கும் உறுமலாக மாறுவதும் இதனால்தான். ஆல்-டெரைனிலும் இந்தத் தேய்மானம் உண்டு, ஆனால் அதன் கட்டைகள் தாழ்வாகவும் ஒன்றோடொன்று நெருங்கியும் இருப்பதால் மெதுவாக வரும். 15,000 கிலோமீட்டர் வரை இடம் மாற்றாமல் விட்டாலும் ஆல்-டெரைன் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மட்-டெரைனை 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களாகச் சுழற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்படுபவர் இந்த வகையை வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி மழை. டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி கோடையில், பிற்பகல் இடியோடு கொட்டும் மழை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்திலும், அதற்கப்பால் வான் ரீனன் கணவாயிலும் என்3 சாலையில் சரக்கு லாரிகளுக்கு நடுவே மழையும் மூடுபனியுமாக ஓட்டியவர்களுக்கு, நனைந்த தாரில் பிடிப்பு என்பது வெறும் விளம்பர வாசகமல்ல என்பது தெரியும். ஈரத்தில் டயரைத் தரையோடு பிடித்து வைப்பவை அகலமான பள்ளங்கள் மட்டுமல்ல; கட்டைகளின் மேல் முடிபோல வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்களும், குளிர்ந்தாலும் இளக்கமாக இருக்கும் ரப்பரும்தான். மட்-டெரைனில் இந்தக் கீறல்கள் தொடக்கத்திலேயே குறைவு. பல டயர்களில் அவை கட்டையின் முழு ஆழத்துக்கும் இறங்குவதில்லை; ஆகவே பட்டன் பாதியான நிலையில் கீறல்கள் மறைந்து வழவழப்பான ரப்பர் பாளங்களே மிஞ்சுகின்றன. பார்ப்பதற்கு இன்னும் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருப்பதால் டயர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். தென்னாப்பிரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1 மில்லிமீட்டர்தான் என்பதால் தகுதிச் சோதனையிலும் அது தேறிவிடும். ஆனால் ரவுண்டானாவில் ஈரத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினால், காலிப் பெட்டியோடு இருக்கும் பக்கியின் பின்பக்கம் விலகத் தொடங்கும். ஆல்-டெரைனும் தேய்ந்தால் ஈரப் பிடிப்பை இழக்கவே செய்யும். எந்த டயரும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன பின் மழையில் நம்பத்தக்கதல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஆல்-டெரைனில் ஆழத்தை அளந்தாலே நிலைமை விளங்கிவிடும், மட்-டெரைனில் அளவுகோல் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதுதான்.

சேற்றுக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. கரும்பு வெட்டும் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அதன் கடைசி மாதங்களில் மழையும் சேர்ந்துகொள்ளும்போது, லாரிகளில் கரும்பு ஏற்றும் இடங்கள் டிராக்டர் சக்கரங்களால் கூழாகக் கடையப்பட்டிருக்கும். ஆல்-டெரைனின் நெருக்கமான பள்ளங்களில் அந்தக் களிமண் அப்பிக்கொண்டு வெளியேறாமல் நின்றுவிடும். இரண்டு மூன்று சுற்றுகளில் அது மொட்டை டயருக்குச் சமம். புதிய ஆல்-டெரைன் இதை ஓரளவு சமாளிக்கும், 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தது சமாளிக்காது. மட்-டெரைனோ சக்கரம் சுழலும் வேகத்தில் மண்ணை வீசி எறிந்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. அந்த வேலையைச் செய்வது கட்டைகளின் உயரம் மட்டுமல்ல, அவற்றுக்கிடையே உள்ள அகலமான இடைவெளி என்பதால், பாதி தேய்ந்த பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. நெடுங்காலமாகக் கரும்பு பயிரிடும் உறவினர் ஒருவரிடம் தாரில் இவ்வளவு சத்தம் போடும் டயரை ஏன் விடாமல் மாட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சத்தம் காதுக்குத்தான் தம்பி, லோடு ஏத்துற இடத்துல வண்டி மாட்டிக்கிட்டா டிராக்டரைக் கூப்பிடணும், அன்னைக்கு வெட்டு நின்னுபோகும்" என்றார். அவருடைய கணக்கில் டயர் விலை இரண்டாம் பட்சம். கரும்பு வயலில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டு நிற்கும் அடிக்கட்டைகள் காய்ந்தபின் ஆப்பு போலக் கூராகிவிடும், அவை குத்துவது பெரும்பாலும் பக்கச்சுவரில். பக்கச்சுவரில் விழுந்த ஓட்டையைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். கனத்த பக்கச்சுவரும் அதன்மேல் கூடுதல் ரப்பர் பற்களும் கொண்ட மட்-டெரைன் இங்கே தன் விலையை நியாயப்படுத்துகிறது.

மணலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு 2001 இறுதியில் வந்த விதிமுறைகள் தடை போட்டுவிட்டதால், நமக்கு எஞ்சியிருப்பது மங்குசியிலிருந்து கோசி பே நோக்கிப் போகும் மணல் தடங்கள் போன்றவைதான். அங்கே டயரின் பெயரை விடக் காற்றழுத்தமே வேலை செய்கிறது. 1 முதல் 1.2 பார் வரை இறக்கினால் இரண்டும் போகும். மட்-டெரைன் சக்கரம் சுழன்றுவிட்டால் மண்வெட்டியாகிக் குழி தோண்டிக்கொள்ளும், தேய்ந்த ஆல்-டெரைன் மணலில் புதியதை விட நன்றாகவே மிதக்கும்.

சானி கணவாய் வேறு விஷயம். 2,876 மீட்டர் உயரத்தில் லெசோத்தோவில் முடியும் அந்த ஏற்றத்தில் கூர்மையான பசால்ட் கற்கள் கட்டைகளின் விளிம்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். இடைவெளி அகலமான மட்-டெரைனில் கற்கள் சிக்காமல் விழுந்துவிடும். ஆல்-டெரைனில் சிக்கிய கல் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே துளைத்துக்கொண்டே போகும் என்பதால், இறங்கியதும் திருப்புளியால் அவற்றை நெம்பி எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஐஸ் கார்னர் என்ற வளைவில் உறைபனி படிந்திருக்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. கீறல்கள் குறைந்த, வயதேறி இறுகிய மட்-டெரைனுக்குப் பனிக்கட்டி மீது பிடிமானம் மிகக் குறைவு. மலைச்சிகரமும் பனித்துகளும் சேர்ந்த குறி பொறித்த ஆல்-டெரைன்கள் பனிச் சாலைக்கான சோதனையில் தேறியவை. கேஓ2 அவற்றில் ஒன்று, கேஎம்3 அல்ல.

நீண்டகாலக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது வயது. டயரின் பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டவே கூடாது என்பது பெரிய உற்பத்தியாளர்கள் பலரின் அறிவுரை. விடுமுறைக்கு மட்டும் காட்டுப்பாதை போகும் இரண்டாவது வண்டியில் மாட்டிய மட்-டெரைன் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும்; கட்டைகளின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அந்த நிலையில் ஆழம் நிறைய இருக்கிறதே என்று வைத்துக்கொள்வது சிக்கனமாகாது.

காற்றழுத்தமும் பலருடைய டயரைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அட்டவணை, வண்டியோடு வந்த சாதாரண டயருக்கானது. இலகு லாரிக்கானது என்பதைக் காட்டும் எல்டி குறி கொண்ட கனத்த டயர் அதே எடையைச் சுமக்கக் கூடுதல் காற்று கேட்கும். பழைய அளவிலேயே விட்டால் ஓரங்கள் தேய்ந்து சூடேறும். மேலும் பலர் மட்-டெரைனுக்கு மாறும்போதே அளவையும் ஒரு படி ஏற்றிவிடுகிறார்கள். 265/65ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17 என்றால் சுமார் 803. இதனால் கிலோமீட்டர் மானி உண்மையான தூரத்தை விடக் குறைத்துக் காட்டும்: 50,000 என்று காட்டும்போது வண்டி ஓடியது ஏறக்குறைய 51,700. எரிபொருள் செலவையும் டயர் ஆயுளையும் ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். பெரும்பாலான மட்-டெரைன்களின் வேகக் குறி கியூ, அதாவது 160 கிலோமீட்டர்; நம் சாலை வரம்புக்கு அது போதும் என்றாலும், வண்டியோடு வந்த டயரின் குறியை விடக் குறைந்ததை மாட்டுமுன் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்வது உசிதம்.

இரண்டுக்கும் நடுவே ஓரத்தில் மட்-டெரைன் பற்களும் நடுவில் ஆல்-டெரைன் நெருக்கமும் கொண்ட கலப்பு வகை இப்போது பரவலாகிவிட்டது. தார்ச் சத்தத்திலும் தேய்மானத்திலும் அது ஆல்-டெரைனுக்கு அருகில் நிற்கும். களிமண்ணில் மட்-டெரைனை எட்டாது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வயலுக்குப் போகிறவருக்கு நான் இதையே சொல்வேன். தினமும் சேற்றில் இறங்கும் பக்கிக்கு மட்-டெரைன்தான். ஆனால் அதன் ஆயுளைப் பட்டன் 6 மில்லிமீட்டருக்கு வரும் நாளோடு முடித்துக்கொண்டு, அதன்படி விலையைக் கணக்கிட வேண்டும். தாரிலேயே ஓடி ஆண்டுக்கு ஓரிரு முறை மலை ஏறுகிறவருக்கு ஆல்-டெரைன் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சேற்றில் சிக்கினால் இழுக்க ஒரு கயிறும் காற்று இறக்கி ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரஸரும் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். முன்பக்கம் ஒரு வகை, பின்பக்கம் ஒரு வகை என்று பிரித்து மாட்டும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், ஈரச் சாலையில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வழுக்கும். எந்த வகையானாலும் ஐந்தாக வாங்குங்கள். நான்கு வாங்கிப் பழைய ஸ்டெப்னியை வண்டிக்கு அடியிலேயே விட்டுவைத்தால், ஒரு பக்கச்சுவர் கிழிந்ததும் விட்டம் பொருந்தாத சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட வேண்டி வரும், அதன் சுமை கியர்பெட்டியில் போய் விழும்.