ஒரே அழுத்தில் எரிய வேண்டும்: ஒரு டார்ச்சுடன் நான்கு ஆண்டுகள்

நேற்று மாலை டார்ச்சின் சுவிட்சைச் சரிசெய்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நண்பரிடமிருந்து செய்தி வந்தது. "நீங்கள் நான்கு ஆண்டுகளாக ஒரு டார்ச்சைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறீர்களே, அதையே அப்பாவுக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாமா? கரண்ட் போனால் இருட்டில் தடுமாறுகிறார்." வாங்குங்கள் என்று எழுதப்போனவன் பாதியில் அழித்துவிட்டேன். காரணத்தைச் செய்தியில் அடக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

18650 என்ற அளவுள்ள, மின்னேற்றக்கூடிய ஒற்றை லித்தியம் அயனி மின்கலம், அலுமினிய உடல், பக்கவாட்டில் ஒரே ஒரு சுவிட்ச், உச்சத்தில் 1000 லூமன் (லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அலகு). இந்த வகை டார்ச்சுகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

முதலில் நேற்றுச் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை மூடியிருந்த ரப்பரில், கட்டைவிரல் நகம் படும் இடத்தில், மெல்லிய வெடிப்பு விழுந்திருந்தது. அப்படியே விட்டால் அடுத்த மழையில் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். ரப்பரைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதில் எதிரெதிரே இரண்டு சிறு குழிகள். கூர்முனை இடுக்கியின் இரண்டு முனைகளையும் குழிகளில் ஊன்றித் திருகியதும் வளையம் நெகிழ்ந்து கழன்றது. அடியில் இருந்த பொத்தான் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நான்கு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான முறை அழுத்தியும் அதன் 'டிக்' இன்னும் புதிதாகவே கேட்கிறது. வாங்கியபோது பெட்டிக்குள் கூடுதலாக ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதைப் பொருத்தி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடினேன். பத்து நிமிட வேலை. கழற்றிச் சரிசெய்யும்படி ஒரு பொருளை உருவாக்கியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது.

பாராட்ட இன்னும் நிறைய இருக்கிறது. படிக்கட்டில் இரண்டு முறை உருண்டும் எரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருமுறை விழுந்தும் எரிந்தது. ஒளியின் நடுவில் வட்டமோ விளிம்பில் மஞ்சள் வளையமோ இல்லை; நிறமும் கண்ணுக்கு இதமான வெண்மை. சில டார்ச்சுகளின் நீலம் கலந்த வெளிச்சத்தில் காயத்தின் சிவப்பும் சேற்றின் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். இதில் அந்தக் குறை இல்லை.

அந்த 1000 லூமனைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூன்று நிமிடத்துக்குள் தலைப்பகுதி கைபொறுக்காத அளவுக்குச் சூடாகிவிடும். பிறகு வெளிச்சம் தானாகவே 350 லூமன் அளவுக்கு இறங்கும். எல்இடிக்குள் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால், இவ்வளவு வெளிச்சம் தரும், உள்ளங்கைக்குள் அடங்கும் எந்த டார்ச்சுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். பெட்டியில் அச்சிடும் எண்களை அளப்பதற்கு எஃப்எல்1 என்று ஒரு தரவரையறை 2009 முதல் இருக்கிறது. அதன்படி, எரியும் நேரம் என்பது விளக்கைப் போட்ட 30 வினாடிக்குப் பிறகு இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம். அதாவது 1000 லூமனில் தொடங்கி 100 லூமனுக்குத் தேய்ந்துபோகும்வரை உள்ள மணிக்கணக்கு முழுவதையும் அவர்கள் கூட்டிச் சொல்லலாம். ஒளி பாயும் தூரமும் அப்படித்தான்: ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாக (அந்த வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஏறக்குறைய முழுநிலவின் அளவுக்குக் குறையும் இடம்வரை அளக்கிறார்கள். அந்தத் தூரத்தில் நிற்பவரின் முகத்தை உங்களால் அடையாளம் காண முடியாது. எண்கள் பொய்யல்ல. ஆனால் எதை அளந்த எண் என்று தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்த இன்பம் எதிர்முனையில் இருந்தது. இந்த டார்ச்சின் மிகத் தாழ்ந்த நிலை ஒரே ஒரு லூமன். வாங்கும்போது அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது அந்த ஒரு நிலைக்காகவே இதைக் காதலிக்கிறேன் என்று சொல்வேன். இருட்டுக்குக் கண் முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். பளீரென்ற ஒரே வீச்சு அதைக் கெடுத்துவிடும். ஒரு லூமன் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தூங்கும் குழந்தை அசையாது. புத்தகத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்தால் தரையும் கதவுநிலையும் தெரியும். ஒரு முறை மின்னேற்றினால் பல இரவுகள் தாங்கும். நடுநிலையில் 60 லூமன் அளவுக்கு வைத்துக் கூரையைப் பார்த்து நிறுத்திவிட்டால், வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அறை முழுவதும் நடமாடலாம். மின்தடை நீண்ட இரவுகளில் எங்கள் வீட்டை ஓட்டியது உச்ச வெளிச்சம் அல்ல, இந்தத் தாழ்ந்த நிலைகள்தான்.

இப்போது அந்தச் சுவிட்சுக்கு வருகிறேன்.

ஒருமுறை அழுத்தினால் கடைசியாக எந்த நிலையில் அணைத்தோமோ அதே நிலையில் எரியும். அழுத்திப் பிடித்தால் நிலை மாறும். இருமுறை அழுத்தினால் உச்சம். மும்முறை அழுத்தினால் வெட்டி வெட்டி மின்னும். கையேட்டில் படிக்கும்போது நேர்த்தியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே வாரத்தில் பழகியும் விட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் நான் வெளியே இருந்தேன். அம்மா மட்டும் வீட்டில். கரண்ட் போனது. தடவிப் பார்த்து டார்ச்சை எடுத்துச் சுவிட்சை அழுத்தியிருக்கிறார். முந்தைய இரவு நான் ஒரு லூமனில் படித்துவிட்டு அணைத்திருந்தேன். அதே ஒரு லூமனில் அது எரிந்திருக்கிறது. அறைவிளக்கு அப்போதுதான் அணைந்த கண்ணுக்கு ஒரு லூமன் எப்படித் தெரியும்? கண்ணாடிக்குள் ஏதோ கங்கு போல ஒரு புள்ளி. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அம்மா நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. சிணுங்கும் டார்ச்சை யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்: டக்டக்கென்று பலமுறை அழுத்தினார். அறை முழுவதும் மின்னல் வெட்டத் தொடங்கிவிட்டது. ஒரு நொடி சுவர் தெரியும், அடுத்த நொடி தெரியாது. காலைக் கீழே வைக்கப் பயந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொலைபேசியில், "உன் டார்ச் கெட்டுப்போய்விட்டதடா, வெட்டி வெட்டி அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை" என்றார். அழுத்திப் பிடியுங்கள் அம்மா, விடுங்கள், மறுபடி அழுத்துங்கள் என்று நான் சொல்லச்சொல்ல அவர் விரலுக்கும் என் சொல்லுக்கும் பொருந்தவே இல்லை. கடைசியில் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நான் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் இருட்டிலேயே இருந்தார்.

மின்கலம் அப்போது ஏறக்குறைய முழுதாக இருந்தது. 1000 லூமனும் உள்ளேதான் இருந்தது. ஆனால் என் அம்மாவுக்கு அதில் ஒரு லூமன்கூட உதவவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதே சுவிட்சில் இன்னொரு குறையும் இருக்கிறது. இது மின்னணுச் சுவிட்ச். பழைய டார்ச்சின் தள்ளு சுவிட்ச் போல இது மின்சாரத்தை முழுவதுமாக அறுப்பதில்லை. எப்போது விரல் படும் என்று உள்ளே ஒரு சில்லு விழித்துக்கொண்டே இருக்கும். அந்த விழிப்புக்கும் மின்சாரம் வேண்டும். போன ஆண்டு முழுதாக மின்னேற்றி அலமாரியில் வைத்த டார்ச் ஐந்தரை மாதம் கழித்து எடுத்தபோது உயிரில்லாமல் கிடந்தது. மின்கலத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன். பிறகு பின்மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியருக்குத் திருப்பி, ஒரு முனையை மின்கலத்தின் எதிர்மின் (மைனஸ்) முனையிலும் மற்றொன்றைக் குழாயின் பூச்சில்லாத விளிம்பிலும் வைத்தேன். விளக்கு எரியவில்லை. ஆனாலும் திரையில் 0.9 மில்லி ஆம்பியர் என்று நின்றது. 3500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தை 0.9 ஆல் வகுத்தால் சுமார் 3,900 மணி நேரம், அதாவது 160 நாட்கள். கணக்கு அலமாரியோடு அப்படியே ஒத்துப்போனது. 0.02 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும் சுற்றுகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்டிருந்தால், கணக்குப்படி மின்கலம் இப்படிக் கசிந்து தீர இருபது ஆண்டு ஆகியிருக்கும். தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

இதற்கு மாற்று உண்டு. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் போதும். மரைகளின் மேல் இருக்கும் அனோடைஸ் படலம், அதாவது அலுமினியத்தின் மேல் உருவாக்கும் கெட்டியான ஆக்சைடு பூச்சு, மின்சாரத்தைக் கடத்தாது; குழாயின் விளிம்பு மூடியைத் தொட்டால்தான் சுற்று முழுமையாகும். தளர்த்தியதும் தொடர்பு அறுந்துவிடும், கசிவும் நின்றுவிடும். பைக்குள் தானாக எரிந்து சுடும் ஆபத்தும் இல்லை. பூச்சில்லாத மரை கொண்ட டார்ச்சுகளில் இது பலிக்காது. வாங்கும்போது மூடியைக் கழற்றி மரையின் நிறத்தைப் பாருங்கள், உடலின் நிறமே மரையிலும் இருந்தால் பெரும்பாலும் பூச்சு உண்டு.

நானும் அப்படித்தான் தளர்த்தி வைத்தேன். ஆனால் மூட்டுவலி உள்ள விரல்கள் இருட்டில் அதைத் திரும்ப இறுக்கியாக வேண்டும், அதுவும் எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல். மின்கலத்தைக் காப்பாற்றப் போய், அம்மாவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இதுவரை நான் வைத்திருந்தவற்றில் மிகச் சிறந்த டார்ச் இது. என் மேசையில் இது இருக்கும், என் பயணப் பையில் இது வரும், இதன் ஒரு லூமனை வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உங்கள் அப்பாவின் தலையணைக்கு அருகில் வைக்க இதை வாங்காதீர்கள். பண்புகளைக் கூட்டிக் கழித்தால் வேறு தீர்ப்பு வரலாம். படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டு என்னால் கூட்ட முடியவில்லை.

அவருக்கு வேண்டியது நூறு லூமன் தரும், இரண்டு ஏஏ மின்கலத்தில் ஓடும், மின்சாரத்தை உண்மையிலேயே அறுக்கும் இயந்திரச் சுவிட்ச் உள்ள டார்ச். அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கவே கூடாது. லித்தியம் அயனி மின்கலம் முழு மின்னேற்றத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். ஆபத்துக்கு என்று வைக்கும் டார்ச்சோ முழுதாகத்தான் கிடக்க வேண்டும். சாதாரண ஆல்கலைன் மின்கலத்தை உள்ளேயே மறந்துவிட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும். என் பழைய டார்ச் ஒன்று அப்படித்தான் போனது. மின்னேற்ற முடியாத லித்தியம் ஏஏ கிடைத்தால் அதைப் போடுங்கள். கசிவது மிக அரிது, 20 ஆண்டுகள்வரை கெடாது என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். டார்ச்சின் உடலில் இருட்டில் மிளிரும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். எரிவதற்கு முன் அது கைக்கு அகப்பட வேண்டும் அல்லவா?

வாங்கியதும் ஒன்று செய்யுங்கள். இரவில் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, எதையும் விளக்காமல், டார்ச்சை அப்பாவின் கையில் கொடுங்கள். போன மாதம் அம்மாவிடம் நான் அப்படித்தான் கொடுத்தேன். விரல் ஒருமுறை தடவியது, சுவிட்ச் 'டக்' என்றது, அறை வெளிச்சமானது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் அணைத்தும் போட்டும் பார்த்துவிட்டு, "இது என் பக்கத்தில் இருக்கட்டும், நீ உன்னுடையதை வைத்துக்கொள்" என்றார்.