சுருதியும் சேர்ந்து பதிவாக வேண்டும்: நான்கு ஆண்டுத் திரைப்பதிவு அனுபவம்

திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ள பிள்ளைகளுக்கு என் அக்கா இணையவழியில் வாய்ப்பாட்டு கற்றுத்தருகிறார். அந்த வகுப்புகளைக் கணினித் திரையோடும் ஒலியோடும் பதிவு செய்து, பிள்ளைகள் திரும்பக் கேட்டுச் சாதகம் செய்வதற்காக அனுப்பிவைப்பது 2021 முதல் என் பொறுப்பாக இருந்து வருகிறது. வாரத்துக்கு ஐந்தாறு வகுப்புகளையும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில்தான் பதிவு செய்கிறேன். படம் முதல் நாளே சரியாக வந்துவிட்டது. ஒலியைச் சரிசெய்யத்தான் ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

தொடக்கத்தில் நான் அறியாதிருந்தது மிக எளிய செய்தி. இணையவழி வகுப்பில் மாணவரின் குரல் கணினியின் ஒலிபெருக்கி வழியாக வருகிறது. ஆசிரியரின் குரலோ மைக் வழியாக வெளியே செல்கிறதே தவிர, அதே கணினியில் திரும்ப ஒலிப்பதில்லை. ஆகவே கணினி ஒலியை மட்டும் பதிந்தால் பிள்ளை தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். மைக்கை மட்டும் பதிந்தால் அக்கா காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். இரண்டும் வேண்டும். விண்டோஸோடு வரும் கேம் பார் என்ற பதிவுக் கருவியும் இரண்டையும் பதியும் என்றாலும், அது ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பிடிக்கும். அக்கா வகுப்பின் நடுவே ஸ்வரக் குறிப்புகள் உள்ள கோப்பைத் திறந்தால் அது பதிவில் வராது என்பதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

ஓபிஎஸ்ஸில் கணினி ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. அவற்றைத் தனித்தனித் தடங்களிலும் சேமிக்கலாம். முதல் தடத்தில் இரண்டின் கலவை, இரண்டாவதில் கணினி ஒலி, மூன்றாவதில் மைக் என்று வைத்திருக்கிறேன். வீடியோ பிளேயர்கள் பெரும்பாலும் முதல் தடத்தையே இயக்கும் என்பதால், கலவை முதலில் இருப்பது முக்கியம். அக்கா ஓங்கிப் பாடி மாணவரின் குரல் அமுங்கிப்போன நாட்களில், இந்தப் பிரிப்பு இருந்ததால்தான் பதிவைக் காப்பாற்ற முடிந்தது.

மாணவரின் குரலே பதிவாகாமல் போன நாளும் ஒன்று உண்டு. கணினி ஒலியை எங்கிருந்து எடுப்பது என்ற ஓபிஎஸ் பட்டியலில் மடிக்கணினியின் ஒலிபெருக்கியைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அக்கா அன்று புதிய யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினார். ஒலி அந்த வழியாகப் போய்விட, ஒரு மணி நேரம் பிள்ளை வாயசைத்தது மட்டும் பதிவானது. தவறு என்னுடையது. அன்றிலிருந்து 'டிஃபால்ட்' என்ற தேர்விலேயே விட்டுவிடுகிறேன். வகுப்பு தொடங்கியவுடன் கணினி ஒலியின் பச்சைக்கோடு ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். புளூடூத் ஹெட்செட்டை மட்டும் இசை வகுப்புக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் கருவி தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடுவதால், ஒலி தரம் குறைந்து, இடம் வலம் பிரிவில்லாத மோனோ ஒலியாகிவிடும். பேச்சுக்குப் போதும், ஸ்வரத்தை நுட்பமாக அசைத்துப் பாடும் கமகத்துக்குப் போதாது. மற்றொன்று, உரையாடல் நடப்பதாகக் கண்டால் விண்டோஸ் பிற ஒலிகளைத் தானாகவே 80 விழுக்காடு குறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. அக்கா பழைய பாடத்தை மாணவருக்குப் போட்டுக்காட்டும்போதெல்லாம் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதற்கு அதுவே காரணம். கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' பகுதியின் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பிரிவில் அதை நிறுத்தலாம்.

படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான சிறு பிசகு உரை வகுப்புகளில் தெரியாமலே போய்விடும். ஆதி தாளம் போடும் கை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மைக் ஒலி நேரடியாகப் பதிவாகிறது. அக்காவின் உருவமோ கேமராவிலிருந்து வகுப்புச் செயலிக்குச் சென்று, அதன் சாளரத்தில் தோன்றிய பிறகே பதிவாகிறது. அதனால் கை தட்டும் ஓசை முன்னும், கை இறங்குவது பின்னுமாக இருந்தது. ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்புகளில் 'சிங்க் ஆஃப்செட்' என்ற இடத்தில் மைக்கை 150 மில்லிவினாடி தாமதப்படுத்தியதும் எங்கள் கணினியில் சரியாகிவிட்டது. வேறு கணினியில் இந்த எண் மாறும். ஒருமுறை கைதட்டிப் பதிந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மின்தடைக்குத் தயாராக இருப்பது இந்தப் பகுதியில் தனிக்கலை. மாதாந்திரப் பராமரிப்புத் தடை முன்கூட்டியே தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகும் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. எம்பி4 வடிவத்தில் பதியும்போது பதிவு முறையாக முடிக்கப்படாவிட்டால் கோப்பு முழுவதுமே திறக்காமல் போகலாம். எம்கேவி வடிவத்தில் அதுவரை பதிவான பகுதி தங்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' கட்டளையால் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து இடையில் நின்றாலும் சேதமாகாத ஹைப்ரிட் எம்பி4 வடிவமும் இருக்கிறது. பழக்கத்தால் நான் இன்னும் எம்கேவியை விடவில்லை. படத்துக்கு வினாடிக்கு 2500 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி ஆகிறது. 160 கிலோபிட் வீதம் ஒலித்தடம் ஒவ்வொன்றும் அதில் 72 எம்பிதான் கூட்டுகிறது என்பதால், ஒலியில் சிக்கனம் பார்ப்பதில் பொருளே இல்லை.

மேக் கணினி வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: 2022-இல் வந்த மேக்ஓஎஸ் 13 முதல் ஓபிஎஸ் கணினி ஒலியை நேரடியாகப் பிடிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் ஒலிக்கருவியை நிறுவித்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக எங்களை வருத்தியது இரைச்சல் நீக்கி. சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் பாட முடியாது. அதன் இரைச்சலைப் போக்க மைக்குக்கு ஓபிஎஸ்ஸின் இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போட்டேன். விசிறிச் சத்தம் மாயமாய் மறைந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு பதிவைக் கேட்ட அக்கா, "ஏன்டா தம்பி, நான் சுருதிப்பெட்டி போடாமலா பாடினேன்?" என்றார். விடாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்றும், பேச்சுப்போல் விட்டுவிட்டு வருவதைக் குரல் என்றும் பிரிக்கும் கருவிக்கு, சுருதிப்பெட்டியும் மின்விசிறியும் ஒன்றுதான். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை நிற்கும் இடங்களில் அக்காவின் குரலையே அது நடுநடுவே கிள்ளியிருந்தது. வடிகட்டியை நீக்கிவிட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் அருகில் கொண்டுவந்து, அதன் உணர்திறனைக் குறைத்து, விசிறியை அறையின் மறுகோடிக்கு நகர்த்தினேன். இரைச்சல் முற்றாகப் போகவில்லை, சுருதி திரும்பிவிட்டது. வகுப்புச் செயலிகளும் தம் பங்குக்கு இதே வேலையைச் செய்வதால், அவற்றில் இசைக்காக உள்ள மூல ஒலித் தேர்வை இரு பக்கத்திலும் இயக்கச் சொல்கிறோம்.

வடிகட்டி பதிவாவதற்கு முன்பே ஒலியை மாற்றிவிடுவதால் அந்த இரண்டு வாரத்தின் ஒன்பது கோப்புகளை மீட்க வழியில்லை. அழித்துவிடலாம் என்றால் அக்கா சம்மதிக்கவில்லை. ஒரு மாணவி முதன்முறையாக வர்ணம் என்ற உருப்படியை இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும், பாடி முடித்தது அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது.