நிக்சன்: உள்நாட்டுச் சாதனையா, வெளியுறவுச் சாதனையா?

எதிர்க்கட்சி அலுவலகத்தை ஒட்டுக்கேட்க முயன்றதை மூடிமறைத்த வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்டில் பதவி விலகிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் உண்மையான சாதனை எது? படிக்கத் தொடங்குகிறவர்கள் குழம்பும் இடம் இது. மூன்று அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம்.

எப்படி நடந்தது?
உள்நாடு: நாடாளுமன்றம் எதிர்க்கட்சி வசம். ஆனாலும் 1970-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது, தூய காற்றுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார்.
வெளியுறவு: எல்லாம் ரகசியம். 1971 ஜூலையில் பாகிஸ்தான் சென்ற அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர், வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பீஜிங் பறந்தார். 1972 பிப்ரவரியில் நிக்சனே போனார். விமானப் படியிறங்கியதும் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் கை நீட்டினார்.

விலை என்ன?
உள்நாடு: தூய நீர்ச் சட்டத்தை, செலவு அதிகம் என்று அவரே தடுத்தார். நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. முழுப் பெருமையையும் அவருக்குத் தர முடியாது.
வெளியுறவு: சீனாவுக்கு வழி திறந்தவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அதனால் 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) நடந்த படுகொலைகளைக் கண்டும் நிக்சன் அவரைக் கைவிடவில்லை. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். இந்தியா-பாகிஸ்தான் போர் மூண்டதும் வங்கக் கடலுக்கு எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பினார். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

நிலைத்ததா?
உள்நாடு: முகமையும் சட்டமும் இன்றும் உண்டு.
வெளியுறவு: சீன உறவு 1979-இல் முழுத் தூதரக உறவானது. ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்த நிக்சன் சோவியத்துடன் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 2002-இல் அமெரிக்கா விலகிவிட்டது.

சரி, எதை எடுப்பது? உலக அரசியல் எப்படித் திரும்பியது என்று அறிய விரும்பினால் பீஜிங் பயணம். சாதாரண மக்களின் வாழ்க்கையில் எது மாறியது என்று கேட்டால், 1970-இன் சட்டங்கள்.