எருசலேம் யாத்திரைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்: 13,30,000 ரூபாய் போய்விட்டது

ஆளுக்கு 95,000. 14 பேர். மொத்தம் 13,30,000 ரூபாய். பாதிக்கு மேல் ஓய்வூதியமும் நகைக்கடனும். புறப்பட வேண்டிய தேதி போய் ஐந்து வாரம் ஆகிறது. டிக்கெட் இல்லை, பணம் இல்லை, மூன்று பேருடைய பாஸ்போர்ட் இன்னும் அந்த ஆளிடமே கிடக்கிறது. சபை சபையாய்ப் போய்க் குழு சேர்த்து பரிசுத்த பூமிக்கு அழைத்துப் போகிறதாகச் சொல்கிற பயண ஏற்பாட்டாளர் அவர். புகார் கொடுக்கப் போவதால் பெயர் எழுதவில்லை.

விசாரிக்காமல் கொடுத்த பணம் இல்லை இது. விசாரித்தோம். ஆனால் அவர் கொண்டுவந்து காட்டியதை மட்டும் விசாரித்தோம், அங்கேதான் விழுந்தோம். யோசுவா 9-இல் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் பீறிக் கட்டிய துருத்திகளையும் கொண்டுவந்து, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். அப்பம் உண்மையிலேயே பூசணம் பூத்ததுதான். கதைதான் பொய். இங்கேயும் அப்படியே. முந்தைய குழு யோர்தான் கரையில் நின்ற படம் உண்மை. பரிந்துரைக் கடிதம் உண்மை. ஆராதனையில் அவர் செய்த ஜெபத்தைக்கூடப் பொய் என்று சொல்ல மாட்டோம். இதில் எதற்காவது 95,000 ரூபாயோடு சம்பந்தம் உண்டா?

மீதிப் பணத்தை எல்லாரும் கட்டியது ஒரே ஒரு நிமிடத்தால். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செல்போனில் பிஎன்ஆர் காட்டினார். ஆறு எழுத்து, அதன்கீழே 14 பெயர், ஒருவருடைய தகப்பன் பெயர் உட்பட எழுத்துப்பிழை இல்லாமல். பார்த்த அம்மாமார் சிலர் அழுதேவிட்டார்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள்: பிஎன்ஆர் என்பது இருக்கை பிடித்துவைத்த குறிப்பு மட்டும். விமான நிறுவனத்துக்குப் பணம் போனால்தான் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக 13 இலக்க டிக்கெட் எண் விழும். முதல் மூன்று இலக்கம் அந்த நிறுவனத்தின் குறியீடு. கெடுவுக்குள் கட்டாவிட்டால் பிஎன்ஆர் தானாக ரத்தாகிவிடும். அவர் காட்டியதில் டிக்கெட் எண் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

பிறகு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "விசா ஸ்டாம்பிங் நடக்குது, பாஸ்போர்ட் எம்பசியில இருக்கு". 2025 ஜனவரி முதல் இந்தியர்கள் இஸ்ரேல் சுற்றுலா விசாவை இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கு பாஸ்போர்ட்டின் ஸ்கேன் போதும். அடுத்து "அங்கே நிலைமை சரியில்லை, ஏர்லைன்ஸ் ரீஃபண்ட் தரல". டிக்கெட்டே எடுக்காதபோது எந்த ரீஃபண்ட்? அதற்கும் பிறகு "ஜெபத்துல இருக்கேன் பிரதர்". போலீஸ் என்ற பேச்சு வந்ததும், 1 கொரிந்தியர் 6 வாசியுங்கள், சகோதரன் மேல் வழக்குப் போடலாமா என்று வாய்ஸ் மெசேஜ்! 13,30,000 ரூபாயை வைத்துக்கொண்டு வேத வசனம். அநியாயத்தைச் சகித்துக்கொள் என்கிற ஏழாம் வசனத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். எட்டாம் வசனத்தில் பவுல், சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறவர்களைத்தான் கண்டிக்கிறார். அந்தப் பவுலே நியாயம் வேண்டி இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டவர். இந்த வசனத்துக்குப் பயந்து நாலு பேர் இன்னும் புகாரில் கையெழுத்துப் போடவில்லை. அதுதான் ரொம்ப வலிக்கிறது.

மானியம் என்கிற தூண்டிலையும் சொல்லிவிடுகிறோம். தமிழக அரசின் 37,000 ரூபாய் யாத்திரை மானியத்தைத் தான் வாங்கித் தருவதாகச் சொன்னார். அது பயணம் முடித்து வந்து விண்ணப்பிப்பவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக விழுவது. இடையில் யாருக்கும் வேலை இல்லை.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தோம், மனசு ஓடவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள்:

பணம் போகிற கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். தனிநபர் சேவிங்ஸ் கணக்கு என்றால் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம்.

ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த எண்ணில் உள்ள 15 இடத்தில் ஆறாவது எழுத்து பி (P) என்றால் தனிநபர், டி (T) என்றால் டிரஸ்ட். டிரஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவரின் எண்ணில் பி இருந்தால் அங்கேயே எழுந்து வாருங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் உங்களிடம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வருமான வரி) பிடித்தாக வேண்டும். பிடித்த ரசீதைக் கேளுங்கள். பிறகு வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கிலும் அது வந்திருக்க வேண்டும்.

13 இலக்க எண் வராமல் மீதிப் பணம் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வசூல் ரசீது, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். போலீஸ் புகார் தனி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. உதவிக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாஸ்போர்ட்டை மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள்.