யாழ்ப்பாணக் கடலில் தூண்டில் பயணம்: வாடகைப் படகுக்காரரோடு போகலாமா?

லீவுக்கு ஊருக்கு வருகிற வெளிநாட்டு உறவுகளில் சிலர் வந்த கையோடு கேட்பது, "இஞ்ச ஆரும் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறவையோ?" என்பதுதான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வேற்று நாட்டவர் பெரிய விலங்கு வேட்டைக்குப் போவதென்றால் பெரும்பாலும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போகவேண்டும். தங்குமிடம், சாப்பாடு, வாகனம் முதல் இறைச்சியை வெட்டிக் கட்டுவதுவரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் தேடுகிறார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது; மான், மரையைச் சுட்டால் மறியல்தான். வன்னிப் பக்கம் இரவில் ரோச் லைட்டோடு கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பன்றிக்கென்று வைத்த, தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு ஆளையும் மிருகத்தையும் பிரித்துப் பார்க்காது.

வேட்டைக்கு உரிய பொறுமையும் இடம் தெரிந்த வழிகாட்டியும் வேண்டுமென்றால், எங்களுக்குக் கடல் இருக்கிறது. தீவுப் பகுதியிலும் வடமராட்சிக் கரையிலும் படகுக்காரர் சிலர் ஆட்களை ஏற்றித் தூண்டில் போட அழைத்துப் போகிறார்கள். மூன்று வகைப் பயணம் கிடைக்கும்: களப்புக்குள் அரை நாள், தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் (கடலடிக் கல்மேடுகளில்) ஒரு நாள், வெளிக்கடலில் அறுக்குளாவுக்கு (வஞ்சிரம் மீனுக்கு), ஓடுகிற படகின் பின்னால் இரையை இழுக்கிற இழுவைத் தூண்டில். மூன்றிலும் பார்ப் பயணம்தான் கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாதது.

களப்புப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணக் களப்பு பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள் அடங்குகிற தண்ணீர். கிழங்கான், திரளி, சின்னப் பாரை, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கொடுவா. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்லது, அலைக்குப் பயமில்லை. ஆனால் எங்கு பார்த்தாலும் கம்பு நட்டு வலை கட்டிய களங்கட்டியும் நண்டு வலையும்தான். படகோட்டி வலைக்கு மேலால் ஓடினால் அது இன்னொரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு. வலைக்கு அடையாளமாக மிதக்கிற ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டையும் கொடிக் கம்பையும் கண்டதும் வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போகிறாரா என்று பாருங்கள். "பரவாயில்லை, ஏறிப் போகலாம்" என்கிறவரோடு இரண்டாம் முறை போகக்கூடாது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

பார்ப் பயணத்துக்கு வருவோம். குறிகட்டுவான், ஊர்காவற்றுறைப் பக்கங்களிலிருந்து விடிய முதல் வெளிக்கிட்டு நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவுப் பக்கத்துக் கல்லுப் பார்களுக்குப் போவார்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். தூண்டில் போடுகிற பார்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மீற்றருக்குள் இருக்கும். பெரிய றீலும் கனத்த றொட்டும் காவிக்கொண்டு வரத் தேவையில்லை. கைத்தூண்டிலே போதும்.

பாரைக் கண்டுபிடிக்கிற விதத்தில் வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடும். பழைய ஆட்கள் கரைக் குறி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தொலைபேசிக் கோபுரமும் ஒரே நேருக்கு வரவேண்டும். மற்றப் பக்கம் ஒரு தனிப்பனையும் தேவாலயமும் நேருக்கு வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். இப்போது கைத்தொலைபேசியில் ஜீபிஎஸ் புள்ளி வைத்திருப்பவர்களும் உண்டு. எதை வைத்தாலும் சரி, நங்கூரத்தைப் பாருக்கு மேலேயே போடுகிறவர் சரியான ஆள் இல்லை. நீரோட்டம் வருகிற பக்கமாகப் பாரைக் கடந்து போய், மணலில் நங்கூரத்தை விட்டு, ஆழத்தின் மூன்று மடங்குக்குக் குறையாமல் கயிறு கொடுத்தால் படகு தானாகப் பின்வந்து பாரின் ஓரத்தில் நிற்கும். கயிற்றைக் கட்டையாக விட்டால் நங்கூரம் அரைத்துக்கொண்டு வரும். படகு மெல்ல விலகும். இரை மணலில் கிடக்கும். பிறகு நாள் முழுக்கக் கெளிறுதான். "இண்டைக்கு மீன் கடிக்கேல்ல" என்று சொல்லப்படுகிற பயணங்களில் பாதிக்கு மேல் இந்தக் கயிற்றுக் கணக்கில் பிழைத்தவைதான்.

சேவைகள் எல்லாவற்றிலும் பலவீனமான இடம் அவர்கள் தருகிற தூண்டில். பழைய தங்கூசி (நைலோன் நூல்), துருப்பிடித்த முள், எல்லா ஆழத்துக்கும் ஒரே ஈயம். ஆகவே சொந்தமாகக் கட்டிக்கொண்டு போவது புத்தி. விளைமீனுக்கும் கலவாய்க்கும் 0.60 மில்லிமீற்றர் தங்கூசி 50 மீற்றர், அடியில் ஈயம், அதற்கு மேல் 30 சென்ரிமீற்றரில் முள் கட்டுகிற ஒரு கிளை, அதற்கும் மேல் 40 சென்ரிமீற்றரில் இன்னொரு கிளை. கிளை ஒவ்வொன்றும் ஒரு சாண். கிளை நீண்டால் தாய்த் தூண்டிலில் சுற்றிக்கொள்ளும். முள் 1/0 அல்லது 2/0. பெரிய முள்ளைப் போட்டால் பெரிய மீன் வரும் என்பது பிழையான எண்ணம். விளைமீனின் வாய் சின்னது, இரையை மட்டும் உரித்துக்கொண்டு போய்விடும். ஈயம் 60 கிராமில் தொடங்கி நீரோட்டம் கூடக்கூட 120 வரை. ஈயத்தை மட்டும் மெல்லிய நூலால் கட்டவேண்டும். கல்லில் சிக்கினால் அந்த நூல் அறுந்து ஈயம் மட்டும் போகும். முள்ளும் மீனும் கையில் வரும். தருகிற தூண்டிலில் இதை யாரும் செய்து வைப்பதில்லை, ஒரு நாளில் ஐந்தாறு முறை முழுத் தூண்டிலும் அறுந்து போவது இதனால்தான்.

இரைக்கு உரித்த இறாலும் கணவாய்த் துண்டும். இறாலை வாலிலிருந்து ஏற்றி முள்ளின் நுனியை மட்டும் வெளியே விடவேண்டும். கணவாய் கல்லு மாதிரிப் பிடித்திருக்கும், சின்ன மீன்கள் கொத்தினாலும் கழராது; பாரில் கொத்தல் தொல்லை கூடினால் கணவாய்க்கு மாறுங்கள். சைக்கிள் டியூப்பை ஓர் அங்குல அகலத்தில் வெட்டிச் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டால் தங்கூசி அறுக்காது. பெரிய பாரை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடுகிறபோதுதான் அந்த ரப்பர்த் துண்டின் பெறுமதி தெரியும்.

அறுக்குளாப் பயணம் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம். வடகிழக்கே பீதுரு கடலடித்தள மேடை இருப்பதால் மீன் வளமான கடல், ஆனால் திறந்த கடல். 10 முதல் 13 கிலோமீற்றர் வேகத்தில் பொய்யிரையை இழுப்பார்கள். செத்த மீனை இரையாகக் கட்டினால் இன்னும் மெதுவாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் இரை சுழன்று நூலை முறுக்கும். இரண்டு தூண்டிலென்றால் ஒன்றை 25 மீற்றரிலும் மற்றதை 40 மீற்றரிலும் விடவேண்டும். படகை வெட்டித் திருப்பினால் இரண்டும் பின்னிக்கொள்ளும், அகலமாக வளைத்தே திருப்பவேண்டும். முள்ளுக்கு முன்னால் 30 சென்ரிமீற்றர் கம்பி கட்டாயம். அறுக்குளாவின் பல் தங்கூசியைக் கத்தரி போல் வெட்டும். றீலின் பிரேக்கை நூலின் பலத்தில் மூன்றில் ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் இறுக்கினால் அறுந்துபோகும். வெறுங்கையோடு திரும்புகிற நாள்கள் இந்தப் பயணத்தில்தான் அதிகம், எரிபொருளும் இதில்தான் அதிகம். பழகியவர்களுக்கு மட்டும் சொல்லலாம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. தீவுப் பக்கம் பொழுது ஏற ஏறக் கடல் குழம்பும். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்கிற வடகிழக்குக் காற்றும் மழையும். கார்த்திகை, மார்கழியில் புயற்சின்னங்களும் சேரும், வடமராட்சிக் கரையில் அலை ஏறி அடிக்கும். மாசியின் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் படுத்திருக்கும். அதுதான் நல்ல காலம். வானிலை அறிவித்தலில் "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை" என்று வருகிற பகுதியை முதல் நாள் இரவே கேளுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டும் என்று சொன்னால் சின்னப் படகுக்கு அது நாள் இல்லை. நல்ல படகோட்டி அந்த நாளில் தானாகவே தொலைபேசி எடுத்து, "அண்ணை, நாளைக்கு வேண்டாம், காத்து எழும்பும்" என்பார். முற்பணத்தைப் பிடித்துவைத்து, காற்று நாளிலும் ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறவர்களும் உண்டு. முற்பணம் கொடுக்கும்போதே காற்றால் நின்றால் வேறு நாள் தருவாரா, காசைத் திருப்பித் தருவாரா என்று கதைத்து முடித்துவிடுங்கள்.

படகு பெரும்பாலும் பதினெட்டரை அடி ஃபைபர், 15 அல்லது 25 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின். படகோட்டியோடு நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அதற்கு மேல் ஏறினால் தூண்டில் போட இடமுமில்லை, கடையார் (படகின் பின்பக்கம்) தாழ்ந்து அலை உள்ளே வரும். அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) மாவட்டக் குறியோடு பதிவு இலக்கம் எழுதியிருக்கிறதா, உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, அதன் வார்கள் அறாமல் இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். ஈரமாகக் கிடந்து உக்கின அங்கியைக் கணக்குக்குப் போட்டு வைத்திருக்கிற படகுகளும் இருக்கின்றன.

எஞ்சினில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. இங்கே பல எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்டுவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் கார்பரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். எஞ்சின் ஆறின பிறகு எத்தனை இழுவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பாரில் நங்கூரம் போட்டு மூன்று மணித்தியாலம் நின்ற பிறகு இந்தச் சிக்கல் வந்தால் காற்று எழும்புகிற நேரத்தில் நடுக்கடலில் நிற்கவேண்டி வரும். இன்னொன்று, எஞ்சினின் பக்கத்தால் தண்ணீர் மெல்லிய தாரையாகப் பீச்சிக்கொண்டே இருக்கவேண்டும். கடலில் மிதக்கிற சாதாழைச் செடி அடைத்தால் அந்தத் தாரை நின்றுவிடும், சில நிமிடத்தில் எஞ்சின் சூடாகி இறுகும். மாற்றுக்கு இரண்டு பிளக், பிளக் சாவி, ஸ்டார்ட் கயிறு, ஒரு துடுப்பு. இந்த நான்கும் இல்லாத படகில் ஏறவேண்டாம்.

பிடித்த மீனைக் கையால் எடுக்க அவசரப்படாதீர்கள். ஊரில் எல்லாருக்கும் ஓரா மீன் விருப்பம். ஆனால் அதன் செட்டை முள்ளில் விஷம் இருக்கிறது. கெளிற்றின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் அப்படியே. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்கவேண்டும். சூடு அந்த விஷத்தைக் குலைக்கும், வலி இறங்கும். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவது இதற்காகத்தான். பிறகும் வீங்கினால் கரைக்கு வந்து 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது, அதன் விஷம் கொதியில் போகாது. ஆமை சிக்கினால் முள்ளுக்குக் கிட்டவாகத் தங்கூசியை வெட்டி விட்டுவிடவேண்டும்.

ஐஸ் விஷயத்தில் பெரும்பாலான சேவைகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அறுக்குளா, சூரை போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தலையிடிக்கும். ரெஜிபோம் பெட்டியையும் உடைத்த ஐஸையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

காசு பேசும்போது நாளுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பிறகு வாக்குவாதம் வரும். எரிபொருள் சேர்த்தா, புறம்பா? 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 6 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். போக வர மூன்று மணித்தியாலம் ஓடினால் கணக்கு உங்களுக்கே தெரியும். இரையும் ஐஸும் யாருடையது, பிடிபட்ட மீன் யாருக்கு என்பதையும் சொல்லி முடியுங்கள். மீனில் ஒரு பங்கு படகோட்டி வீட்டுக்குப் போவது வழக்கம். அதில் கணக்குப் பார்க்கவேண்டாம். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும், கடற்படை மறித்துக் கேட்கும். கச்சதீவுப் பக்கம் போகக் கேட்காதீர்கள். 1974இல் கீறிய இந்திய-இலங்கை எல்லைக்கோடு அதற்குக் கிட்டத்தான் ஓடுகிறது.

மதிப்பெண் கேட்டால் பார்ப் பயணத்துக்கு ஐந்துக்கு நான்கு, களப்புக்கு மூன்று, அறுக்குளாவுக்கு இரண்டரை. பார்ப் பயணத்தில் குறைத்த அந்த ஒன்று தூண்டிலுக்கும் ஐஸுக்கும். இரண்டையும் ஒரே பருவத்தில் திருத்திவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு வருகிறவர்கள் பயணத்தை வந்த இரண்டாம் நாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காற்று மறித்தால் மாற்ற இன்னும் நாள் இருக்கும். விமானத்துக்கு முதல் நாளில் வைத்தால், போகமாட்டேன் என்கிற படகோட்டியை நீங்களே நெருக்குவீர்கள்.