ஒத்தை வயர்ல ஒன்பது வருஷம், மாத்தி பதினாலு மாசம்: என் பேஸ்மேக்கர் அனுபவம்

வீடு கம்பத்துல, ஏலத்தோட்டம் மேல வண்டன்மேடு பக்கம். 2015-ல நாடி 34-க்கு இறங்கி கம்பம்மெட்டு ரோட்டுலயே மயங்கி விழுந்துட்டேன், முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தோட மேலறை கரண்ட் கீழறைக்குப் போகலைன்னு சொல்லி ரெண்டு நாள்ல பேஸ்மேக்கர் வச்சாங்க. சிங்கிள் சேம்பர், அதாவது கீழறைக்கு மட்டும் ஒரே வயர். ரெண்டு வயர் வகை இருக்குன்னே அப்ப யாரும் சொல்லலை, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. ஆனா உயிரைக் காப்பாத்துனது அந்த ஒத்தை வயர்தான், அதையும் மறக்கலை.

அதுக்கப்புறம் மயக்கம்னு ஒரு தடவை கூட வரலைங்க. மேடு ஏறுனாத்தான் மூச்சு வாங்கும், கழுத்து நரம்பு டப்பு டப்புன்னு அடிக்கும், வயசாயிருச்சுன்னு நானே நினைச்சுக்கிட்டேன். மேலறை ஒரு தாளத்துல சுருங்குது, மெஷின் கீழறையை வேற தாளத்துல தட்டுது, ரெண்டும் ஒரே நேரம் மோதுனா வால்வு மூடிக்கிடக்கு, ரத்தம் கழுத்துப் பக்கம் எகிறுதுன்னு ரொம்ப பின்னாடிதான் புரிஞ்சது. இன்னொன்னு, உடம்பு ஆடுறதை வச்சுத்தான் மெஷின் துடிப்பைக் கூட்டும், அதனால எஸ்டேட் ரோட்டுல ஜீப்புல சும்மா உக்காந்து குலுங்குனாலே துடிப்பு ஏறிரும், காய் மூட்டையைத் தூக்கிட்டு மெதுவா மேடு ஏறுறப்ப வேணுங்கற அளவு ஏறாது.

2024-ல பேட்டரி மாத்தணும்னாங்க. வயரைத் தொடாம பேட்டரி இருக்கிற பாக்ஸ் மட்டும் மாத்துனா சின்ன வேலை, அதுக்கே தயாராத்தான் இருந்தேன். மச்சான்தான் விடலை, குமுளி வழியா கோட்டயத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுனாரு. அவங்க பேஸ்மேக்கர் செக்கப் பேப்பரைப் பாத்துட்டு "பாட்டரி மாத்ரம் மாற்றியாப் போரா சேட்டா"ன்னாங்க, பேட்டரி மட்டும் மாத்துனா பத்தாதுண்ணேன்னு அர்த்தம். நூத்துக்கு 99 துடிப்பு மெஷின் தட்டுறதுதான், எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட பம்பிங் 60 சதவீதத்துல இருந்து 45-க்கு வந்திருச்சு. வலது பக்கத்துல இருந்தே வருஷக்கணக்கா தட்டுனா இடது பக்கம் பிந்திப் பிந்திச் சுருங்கி சிலருக்கு இதயம் பலம் குறையுமாம், எல்லாருக்கும் வராது, எனக்கு வந்திருக்கு. உங்க பேப்பர்லயும் மெஷின் எவ்வளவு தட்டுதுங்கற சதவீதம் இருக்கும், எக்கோவோட சேத்து வச்சுக் கேளுங்க.

மேலறைக்கு ஒரு வயர், இதயத்தோட சொந்த கரண்ட் லைன் இருக்கே அந்த இடது பண்டில், அதைப் பிடிக்கிற மாதிரி நடுச்சுவர்ல இன்னொரு வயர், இதுதான் அவங்க சொன்ன வழி. வயரே இல்லாத கேப்சூல் வைக்கலாமான்னு கேட்டேன், அதுவும் வலது கீழறையிலதான் உக்காரும், உங்க பிரச்சனை தீராதுன்னாங்க.

ஒரு மாசம் தூக்கம் இல்லை. திரும்பத் திறந்தா இன்ஃபெக்ஷன் வாய்ப்பு பேட்டரி மட்டும் மாத்துறதை விடக் கூடுதல், பழைய வயர் கிடக்கிற ரத்தக்குழாய் அடைச்சிருந்தா வயர் போகாது (ஸ்கேன்ல தெரியற டை மருந்தை ரத்தக்குழாய்ல விட்டுப் பாத்தாங்க, வழி இருந்துச்சு), செலவும் ஜாஸ்தி. வீட்டுல "மேடு ஏற முடியலைன்னா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுருவோம்"னு சாதாரணமாத்தான் சொன்னா, எனக்கு நெஞ்சுல குத்திருச்சு, மறுநாளே சரின்னு போன் பண்ணிட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே கழுத்துத் துடிப்பு நின்னுருச்சு, அதை நம்பவே முடியலை. ஆறு மாசத்துல பம்பிங் 54. முன்னாடி பம்புசெட் வரைக்கும் ஏற ரெண்டு இடத்துல உக்காருவேன், இப்ப ஒரே மூச்சு இல்லைன்னாலும் உக்காராம ஏறிடுறேன். புது வயர் அசையாம இருக்க ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதுன்னாங்க, நான் பயந்து கையையே அசைக்காம வச்சு தோள் இறுகிப் போச்சு, அது இன்னும் முழுசா சரியாகலை. அந்தத் தப்பைப் பண்ணாதீங்க, தோளுக்குக் கீழ நல்லா அசைக்கலாம்.

ஒரு குறை இருக்கு. பழைய வயரை இழுத்தா ஆபத்துன்னு மூடி உள்ளயே விட்டுட்டாங்க, அதனால எம்ஆர்ஐ எடுக்கிறதுல சிக்கல், போன மாசம் முதுகு வலிக்குப் போனப்ப சிடி ஸ்கேன்தான் எடுத்தாங்க. டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, நான்தான் அப்ப அதைப் பெருசா எடுத்துக்கலை. இப்ப பேஸ்மேக்கர் கார்டுல "பழைய வயர் உள்ளே உள்ளது"ன்னு பேனாவுல எழுதி வாங்கி பர்ஸுல வச்சிருக்கேன்.